சத்தம் போடாத வால்வு

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் ஒரு மொரிஸ் மைனர் 1000 கார் நிற்கிறது. அப்பா வாங்கியது, இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு போயா விடுமுறை நாளில் அதன் எஞ்சினிலிருந்து ‘டக் டக் டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு அன்ரி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, தையல் மெஷினை இறக்கிவிட்டீர்களா?” என்று கேட்டார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அங்கே இருந்த எட்டுத் திருகுகளையும் ஒவ்வொன்றாகச் சத்தம் அடங்கும்வரை இறுக்கினேன். கார் பூனைபோல் ஓடியது. மாமா வந்து பார்த்து முதுகில் தட்டிக்கொடுத்தார்.

நாலு மாதம் கழித்துக் கண்டிக்குப் போகும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில் கார் நின்றேவிட்டது. எஞ்சினின் தலையை, அதாவது சிலிண்டர்களை மூடும் மேல்பகுதியை, கழற்றிப் பார்த்தபோது நாலாவது வால்வின் விளிம்பில் ஒரு துண்டு இல்லை. யாரோ விசுக்கோத்தைக் கடித்துவிட்டு வைத்ததுபோல் இருந்தது. எரிந்துபோயிருந்தது. எரித்தவன் நான்தான்.

அன்று எனக்குத் தெரியாமல் இருந்ததை இங்கே சொல்கிறேன். வீட்டிலேயே வால்வு இடைவெளியைச் சரிபார்ப்பது பெரிய வித்தை இல்லை. ஒரு காலைப்பொழுது போதும். ஆனால் அந்த இடைவெளி எதற்காக இருக்கிறது என்று தெரியாமல் திருகைத் தொடக் கூடாது.

எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் குறைந்தது இரண்டு கதவுகள் உண்டு. ஒன்றின் வழியாகக் காற்றும் பெற்றோலும் உள்ளே வருகின்றன, மற்றதன் வழியாக எரிந்த புகை வெளியே போகிறது. இந்தக் கதவுகளைத்தான் வால்வு என்கிறோம். பார்ப்பதற்கு நீண்ட தண்டுள்ள காளான் மாதிரி இருக்கும். ஒரு வலுவான ஸ்பிரிங் அதை எப்போதும் மூடியே பிடித்திருக்கும். திறப்பதற்கு ஒரு தள்ளு வேண்டும். அந்தத் தள்ளைத் தருவது கேம் தண்டு, அதாவது முட்டை வடிவப் புடைப்புகள் கொண்ட, சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு தண்டு.

மொரிஸ் மைனரில் கேம் தண்டு கீழே எஞ்சின் உடலுக்குள் இருக்கிறது, வால்வுகள் மேலே தலையில் இருக்கின்றன. அதனால் இடையில் ஆள் வேண்டும். புடைப்பு வந்ததும் புஷ்ரொட் என்ற மெல்லிய கம்பி மேலே எழும்பி, ரொக்கர் என்ற சிறிய கையின் ஒரு முனையைத் தூக்கும். மறுமுனை தாழ்ந்து வால்வை அழுத்தும். யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் துலாவைப் பார்த்தவர்களுக்கு இதைப் படம் போட்டு விளக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும், நடுவில் ஒரு அச்சு. ரொக்கர் ஒரு குட்டித் துலா. அந்தத் துலா ஆடும் வேகம்தான் வேறு. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது கேம் தண்டு அதில் பாதி வேகத்தில் சுற்றும். ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 தடவை திறந்து மூடும்.

வால்வு மூடியிருக்கும்போது ரொக்கரின் முனைக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் நடுவே ஒரு மெல்லிய வெளி இருக்க வேண்டும். மொரிஸ் மைனர் 1000இல் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது 0.012 அங்குலம், ஏறத்தாழ 0.30 மில்லிமீற்றர். சாதாரண ஏ4 தாளில் மூன்றை அடுக்கி வைத்த கனம். பழைய ஆட்கள் இதைப் ‘பன்னிரண்டு தௌ’ என்பார்கள். ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கராஜ்களில் இந்த வேலைக்கு ‘டெப்பட் பார்ப்பது’ என்று பெயர்.

ஏன் இந்த வெளி? உலோகம் சூட்டில் நீளும் என்பதால்தான். 100 மில்லிமீற்றர் நீளமுள்ள சாதாரண எஃகுக் கம்பியை 300 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கினால் அது 0.36 மில்லிமீற்றர் நீளும். நம்முடைய மூன்று தாள் கனத்தை அது விழுங்கிவிடும். எஞ்சினில் வால்வு மட்டும் நீள்வதில்லை. தலையும் உடலும் புஷ்ரொட்டும் தத்தம் அளவுக்கு நீள்கின்றன. அதனால் கணக்கு இவ்வளவு நேரானது அல்ல. ஒன்று கூட நீள, இன்னொன்று குறைய நீள, மிஞ்சுகிற வித்தியாசத்துக்கு இடம் விட்டுத்தான் எஞ்சினை வடிவமைத்தவர்கள் அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். அதை மாற்றி எழுத நமக்கு உரிமை இல்லை.

இனி நான் செய்த பிழைக்கு வருகிறேன்.

இடைவெளி அளவுக்கு மேல் இருந்தால் ரொக்கர் ஒவ்வொரு தடவையும் சற்றுத் தூரம் வெறுமனே பயணித்து வால்வுத் தண்டின் நுனியில் மோதும். அதுதான் ‘டக் டக்’. வால்வு கொஞ்சம் பிந்தித் திறக்கும், முந்தி மூடும், முழு உயரத்துக்கு எழும்பாது. எஞ்சினின் பலம் சிறிது குறையும். நாளடைவில் மோதுகிற இடங்கள் தேயும். நல்லதல்ல, ஆனாலும் அவசரமில்லை. சத்தம் போட்டு உங்களை அழைத்துக்கொண்டே இருக்கும்.

இடைவெளி இல்லாமல் போனால் நடப்பது வேறு. எஞ்சின் சூடேறி வால்வு நீளும்போது ரொக்கர் அதற்கு வழிவிடாது. வால்வு தன் இருக்கையில், அதாவது மூடும்போது அது பொருந்தி உட்காரும் வளைய விளிம்பில், முழுதாக உட்கார முடியாமல் ஒரு மயிரிழை திறந்தபடியே இருக்கும். புகை போகும் வால்வுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அதன் காளான் தலை வேலை நேரத்தில் 700 பாகையையும் தாண்டிக் கொதிக்கும்; இருட்டில் பார்க்க முடிந்தால் மங்கிய சிவப்பாகத் தெரியும். அந்தச் சூட்டின் பெரும்பகுதி வெளியேறும் வழி எது தெரியுமா? வால்வு மூடி, இருக்கையோடு ஒட்டி உட்காரும் அந்த நேரம்தான். இருக்கைக்குப் பின்னால் ரேடியேற்றர் நீர் ஓடுகிறது; சூடு அதற்குள் இறங்கிவிடும். உட்காரவே இடமில்லாத வால்வு குளிர முடியாது. போதாக்குறைக்கு வெடிக்கும் வாயு அந்த மயிரிழைச் சந்தால் பீறிட்டுப் போய், காஸ் வெட்டும் சுடர்போல் விளிம்பை அரிக்கும்.

இதற்கெல்லாம் ஒரு சத்தமும் வராது. அன்று மாமா முதுகில் தட்டியதே அந்த அமைதிக்காகத்தான். இன்றும் கார் விற்க வருகிறவர் “எஞ்சின் சத்தமே இல்லை” என்று சொன்னால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். திருகால் சரிசெய்யும் பழைய எஞ்சினுக்கு மெல்லிய, சீரான ஒரு டிக் டிக் இருக்கத்தான் வேண்டும். அது எட்டு வால்வுகளும் மூச்சுவிடுகிற சத்தம்.

பழைய கார்களில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தேய்மானம் என்றால் இடைவெளி கூடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ரொக்கர் தேய்ந்தால் கூடும், சரி. ஆனால் வால்வின் இருக்கை தேய்ந்தால் வால்வு மேலே ஏறிவிடும், இடைவெளி குறையும். ஈயம் கலந்த பெற்றோல் இருந்த காலத்தில் ஈயம் அந்த இருக்கைக்கு ஒரு பூச்சுப்போல் காவலாக நின்றது. இலங்கையில் 2002இல் ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்டது. ஊரின் காற்றுக்கும் பிள்ளைகளின் மூளைக்கும் அது மிக நல்ல காரியம். அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் கடின இருக்கை பொருத்தப்படாத பழைய வார்ப்பிரும்புத் தலைகளில் புகை வால்வின் இருக்கை, குறிப்பாக நீண்ட வேக ஓட்டத்தில், மெல்ல உள்வாங்கத் தொடங்கியது. அப்படிப்பட்ட எஞ்சினில் ஒருவர் ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும், இடைவெளி தானாக மூடிக்கொண்டு வரும். சத்தம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் அது வராது. நான் வருடத்துக்கு ஒரு தடவை, வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனைக்கு முன், மூடியைத் திறந்து அளந்துவிடுகிறேன். சரியாக மூடாத வால்வு உள்ள கார் எரியாத பெற்றோலையும் புகையோடு தள்ளும். அந்தப் பரிசோதனையிலும் அது அகப்படும்.

உங்கள் காரில் இதைச் செய்ய முடியுமா?

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் கொழும்பில் பலர் கைவசம் இருந்த காரையே தேற்றிக்கொள்ளப் பழகினார்கள். அந்தப் பழக்கத்தில் எல்லா எஞ்சினும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. மூடியைத் திறந்ததும் ரொக்கரின் முனையில் ஒரு திருகும் அதைச் சுற்றி ஒரு நட்டும் தெரிந்தால் இது உங்களுக்கான வேலை. மைனர் முதல் ஹொண்டா ஃபிட்டின் முதல் இரண்டு தலைமுறைகள்வரை அப்படித்தான். டொயோட்டா விட்ஸ் வகைகள் பலவற்றில் திருகு இல்லை. கேமுக்கும் வால்வுக்கும் நடுவே கவிழ்த்த கிண்ணம்போல் ஒரு துண்டு இருக்கும். இடைவெளியை மாற்ற அந்தக் கிண்ணத்தையே வேறு கனத்தில் வாங்கி மாற்ற வேண்டும், அதற்குக் கேம் தண்டைக் கழற்ற வேண்டும். அளந்து பார்க்கலாம், அதற்கு மேல் கராஜுக்குக் கொடுத்துவிடுங்கள். இன்னும் சில எஞ்சின்களில் எண்ணெய் அழுத்தத்தால் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் அமைப்பு இருக்கிறது. அதில் நமக்கு வேலையே இல்லை.

எண்ணும் காருக்குக் கார் மாறும். உள்ளே வரும் வால்வுக்கு ஒன்று, வெளியே போகும் வால்வுக்கு இன்னொன்று என்றும் இருக்கும்; பெரும்பாலும் சூடு அதிகம் காணும் புகை வால்வுக்குத்தான் கூடிய வெளி. மைனரில் இரண்டுக்கும் ஒரே அளவு. சில கையேடுகள் சூடான நிலையில் பார்க்கச் சொல்லும். உங்கள் காரின் கையேட்டில் இருப்பதை நம்புங்கள், நண்பரின் ஞாபகத்தை அல்ல.

வேலை

கருவிகளில் முக்கியமானது பீலர் கேஜ். விசிறிபோல் விரியும் மெல்லிய எஃகுத் தகடுகளின் கட்டு. ஒவ்வொன்றிலும் அதன் கனம் பொறித்திருக்கும். பஞ்சிகாவத்தையில் கருவிக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். வாங்கும்போது அங்குல அளவும் மில்லிமீற்றர் அளவும் சேர்ந்து பொறித்ததாகப் பாருங்கள். வேறு, அகலமான தட்டை ஸ்குரூ டிரைவர் ஒன்றும் ரிங் ஸ்பானரும் வேண்டும். மைனர் போன்ற பிரித்தானியக் கார்களில் நட்டுகள் அங்குல அளவில் இருக்கும். ஜப்பான் காருக்கு வாங்கிய மில்லிமீற்றர் ஸ்பானர் கிட்டத்தட்டப் பொருந்தும். அந்தக் கிட்டத்தட்டவில்தான் நட்டின் மூலைகள் உருண்டுபோகும்.

எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும் என்றால் கொழும்பில் ஒரே வழி, இரவு நிறுத்திவிட்டுக் காலையில் முதல் வேலையாகப் பார்ப்பது. காலி வீதிக்குப் போய்ப் பாண் வாங்கிவந்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்றால் அன்றைய நாள் போய்விட்டது. நடந்துபோய் வாங்குங்கள். கீழ்த்தளத்தில் நுளம்பு அதிகம் என்று காலடியில் நுளம்புச் சுருளைக் கொளுத்தி வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெற்றோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேற்றருக்குப் பக்கத்தில் நெருப்பு வைப்பதைவிட நுளம்புக்கு இரண்டு துளி இரத்தம் கொடுத்துவிடலாம்.

கார் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டபடி இருக்கட்டும். சாவியை எடுத்துப் பையில் போட்டுவிடுங்கள். மூடியைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்த பிறகே அதைக் கழற்றுங்கள்; உள்ளே விழும் மணல் எண்ணெயோடு சுற்றும். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றிவிட்டால் எஞ்சினைக் கையால் சுற்றுவது இலகு. எந்த வயர் எந்தப் பிளக்குக்கு என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மைனருக்கு முன்னால் கிராங் கைபிடி போடும் துளை இருக்கிறது. அது இல்லாத கார்களில் எஞ்சினின் முன்முனையிலுள்ள கிராங் கப்பியின் நட்டில் ஸ்பானர் போட்டு, எஞ்சின் வழக்கமாகச் சுற்றும் திசையில் சுற்றலாம்.

எட்டு வால்வுகளுக்கும் முன்னாலிருந்து 1 முதல் 8 வரை மனதில் எண் போடுங்கள். ஒரு வால்வை அளக்கும்போது அதன் கேம் புடைப்பு நேர் எதிர்த் திசையில் இருக்க வேண்டும். அப்போதுதான் அது உறுதியாக மூடியிருக்கும். கேம் தண்டு கண்ணுக்குத் தெரியாதே, எப்படி அறிவது? இதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது: ஒன்பதிலிருந்து கழி. 8ஆவது வால்வு முழுதாக அழுந்தியிருக்கும்போது 1ஐ அளக்கலாம். 6 அழுந்தியிருந்தால் 3. 4 அழுந்தியிருந்தால் 5. கூட்டினால் ஒன்பது வர வேண்டும், அவ்வளவுதான். மந்திரம் ஒன்றுமில்லை. நாலு சிலிண்டர் எஞ்சினில் முதலாவது சிலிண்டரின் பிஸ்டனும் நாலாவதன் பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்கும், ஆனால் ஒன்று வெடிக்கும் நேரத்தில் மற்றது மூச்சு மாற்றும். அவற்றின் புடைப்புகள் கேம் தண்டில் நேர் எதிராக நிற்கும். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. மைனரில் வால்வுகள் கண்ணாடிப் பிம்பம்போல் அடுக்கப்பட்டிருப்பதால் அந்த இணைகள் ஒன்பதாகக் கூடுகின்றன. வேறு அடுக்கு உள்ள எஞ்சினில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதீர்கள்.

கைபிடியை மெதுவாகச் சுற்றி 8ஆவது வால்வு இதற்கு மேல் இறங்காது என்ற இடத்தில் நிறுத்துங்கள். 1ஆவது ரொக்கரின் முனைக்குக் கீழே 0.012 தகட்டை நுழையுங்கள். கட்டாக இருக்கும் தாள்களின் நடுவிலிருந்து ஒன்றை உருவும்போது விரலில் ஒரு சிறு உரசல் தெரியுமே, அந்த அளவு பிடிப்பு வேண்டும். தகடு வழுக்கிப் போனால் தளர்வு, மடங்கினால் இறுக்கம். இந்த ‘உரசல்’ புதியவர்களுக்குப் பெரிய குழப்பம், எனக்கும் இருந்தது. அதற்கு நேர்மையான ஒரு வழி: 0.012 போக வேண்டும், 0.014 போகக் கூடாது. சந்தேகம் தீராவிட்டால் சற்றுத் தளர்ந்த பக்கமாக விடுங்கள்.

சரியில்லை என்றால் நட்டை ஸ்பானரால் தளர்த்தி, திருகை ஸ்குரூ டிரைவரால் மிகச் சிறிது திருப்ப வேண்டும். கடிகாரத் திசையில் திருப்பினால் வெளி குறையும். பிடிப்புச் சரியானதும் திருகை அசையாமல் பிடித்தபடி நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது நட்டு திருகையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். முதல் தடவை எல்லோருக்கும் போகும். எனவே இறுக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். இது விட்டுவிடக்கூடிய படி இல்லை. எனக்கு இப்போதும் ஒரு வால்வுக்கு இரண்டு மூன்று தடவை பிடிக்கிறது.

தகடு சரி என்கிறது, ஆனாலும் அந்த வால்வு சத்தம் போடுகிறது என்றால் ரொக்கரின் முனையைப் பாருங்கள். நீண்டகாலம் ஓடிய ரொக்கரில், வால்வு தொடும் இடத்தில் ஒரு சிறு குழி விழுந்திருக்கும். தட்டையான தகடு அந்தக் குழியின் இரு கரைகளில் பாலம்போல் நிற்கும். குழியின் ஆழம் அளவில் சேராது. கேஜ் பொய் சொல்லும் ஒரே இடம் இது. ரொக்கரை மாற்றாமல் அந்தச் சத்தம் போகாது, திருகால் அதை அடக்கப் போனால் கடுகண்ணாவையில் என்னைப்போல் நிற்பீர்கள்.

ஒரு சிலிண்டர் ஏற்கெனவே பழுதாகிவிட்டதா என்று அறிய ஒரு பழைய சோதனை உண்டு. எஞ்சின் ஓடும்போது புகைக் குழாயின் வாயில் இருபது ரூபாத் தாள் ஒன்றை நீட்டிப் பிடியுங்கள். சீராக வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் நல்லது. இடையிடையே தாள் உள்ளே இழுபட்டால் புகை வால்வு ஒன்று மூடவில்லை என்று சந்தேகிக்கலாம். அளவைத் திருத்திய பிறகும் அது தொடர்ந்தால் தலையைக் கழற்றத்தான் வேண்டும். அங்கே வீட்டு வேலை முடிகிறது.

எட்டும் முடிந்ததும் கைபிடியை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி எல்லாவற்றையும் இன்னொரு தடவை அளந்துவிடுங்கள். பிறகு பிளக்குகள், வயர்கள், மூடி. மூடிக்கு அடியில் தக்கையால் ஆன பெக்கிங் இருக்கும். பிய்ந்திருந்தால் புதியது போடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. மூடியின் இரண்டு நட்டுகளையும் பலம் காட்டி இறுக்கினால் தகரம் வளைந்து எண்ணெய் கசியும். பெக்கிங் நசுங்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். எஞ்சினைக் கிளப்பிப் பத்து நிமிடம் ஓடவிட்டு மூடியின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். அன்றிரவு காருக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டித் துண்டை விரித்து வைத்துவிட்டுப் படுக்கப் போங்கள். காலையில் அதில் புதிய எண்ணெய்ப் புள்ளி இருந்தால் பெக்கிங் சரியாக உட்காரவில்லை.